பயப்பட வைப்பதே மேல் என்று மாக்கியவெல்லி சொன்னாரா?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

'பெட்டர் டு பி ஃபியர்ட் தேன் லவ்ட்' என்ற ஆங்கில வாசகத்தைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. பிறர் நம்மிடம் அன்பு வைப்பதைவிட நமக்குப் பயப்படுவதே மேல் என்று பொருள். சிங்கத்தின் படத்தைப் போட்டு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாக வைக்கிறார்கள். நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் சொல்கிறார்கள். கீழே மாக்கியவெல்லி என்று ஒரு பெயரும் இருக்கும். நம் ஊரில் இந்தக் கருத்துக்கு ஆங்கிலமே தேவைப்படவில்லை. "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்" என்று சொல்லிப் பிள்ளையைப் பள்ளியில் விட்டுப்போன பெற்றோர்களை எல்லா ஆசிரியர்களும் பார்த்திருப்பார்கள். பயம் இருந்தால்தான் மரியாதை இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு சரியா தவறா என்பது பிறகு. முதலில், அந்த மனிதர் அப்படித்தான் எழுதினாரா என்று பார்த்துவிடுவோம். ஏனென்றால் பெரியவர் ஒருவர் பெயரைச் சொல்லி அடிக்கும்போது, அடி கொஞ்சம் பலமாகவே விழுகிறது.

நிக்கோலோ மாக்கியவெல்லி 1469-இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரத்தில் பிறந்தவர். அப்பா வழக்கறிஞர், ஆனால் வசதி கிடையாது. வீட்டில் பணத்தைவிடப் புத்தகம் அதிகம். அன்றைய இத்தாலி இன்றுபோல ஒரே நாடு அல்ல. புளோரன்ஸ், வெனிஸ், மிலான், நேப்பிள்ஸ், போப் ஆளும் பகுதி என்று துண்டு துண்டாகக் கிடந்தது. இடையிடையே பிரான்சும் ஸ்பெயினும் படையெடுத்து வரும். புளோரன்ஸைப் பல பத்தாண்டுகளாகப் பிடியில் வைத்திருந்த மெடிசி குடும்பம் 1494-இல் துரத்தப்பட்டது. அதன் பிறகு மக்களைத் தன் பேச்சால் கட்டிவைத்திருந்த சவனரோலா என்ற துறவியை 1498 மே மாதம் நகரச் சதுக்கத்தில் தூக்கிலிட்டு எரித்தார்கள். அது நடந்த சில நாட்களிலேயே, 29 வயது மாக்கியவெல்லிக்குக் குடியரசில் செயலாளர் பதவி கிடைத்தது. இன்றைய கணக்கில் ஒரு மூத்த அரசு அதிகாரி என்று வைத்துக்கொள்ளலாம். கடிதங்கள் எழுதுவது, படைச்செலவு பார்ப்பது, வெளிநாட்டு அரசர்களிடம் தூது போவது, எல்லாம் அவர் வேலை. 14 ஆண்டுகள் அதைச் செய்தார். ஆகவே, அரசியலை நூலகத்தில் உட்கார்ந்து படித்தவர் அல்ல. குதிரையில் போய்ப் பார்த்தவர்.

அப்படிப் போன இடங்களில் ஒன்று செசேனா. 1502-ஆம் ஆண்டு டிசம்பர். அங்கே தங்கியிருந்தவர் செசாரே போர்ஜியா, போப் ஆறாம் அலெக்சாண்டரின் மகன். (போப்புக்கு மகனா என்று கேட்காதீர்கள். அந்தக் காலம் அப்படி.) ரொமாஞா என்ற பகுதியை அவர் கைப்பற்றியிருந்தார். கொள்ளையும் கொலையும் மலிந்திருந்த அந்தப் பகுதியை அடக்க ரமிரோ என்ற ஸ்பானியத் தளபதியை ஆளுநராக வைத்திருந்தார். ரமிரோ ஈவிரக்கம் இல்லாதவர். கொஞ்ச காலத்திலேயே பகுதி அடங்கிவிட்டது. மக்களோ அவரை மனதாரச் சபித்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை செசேனா மக்கள் எழுந்து வந்து பார்த்தபோது, அதே ரமிரோ சதுக்கத்தில் இரண்டு துண்டாகக் கிடந்தார். பக்கத்தில் ஒரு மரக்கட்டை, இரத்தம் தோய்ந்த ஒரு கத்தி. விளக்கம் ஒன்றும் இல்லை. மாக்கியவெல்லி அன்று அந்த ஊரில்தான் இருந்தார். அன்றே புளோரன்ஸுக்கு எழுதிய கடிதத்தில், கொலைக்குக் காரணம் சரியாகத் தெரியவில்லை, செசாரேயின் விருப்பம் அது என்பது மட்டும் தெரிகிறது என்ற அளவில்தான் குறிப்பிட்டார்.

பதினொரு ஆண்டுகள் கழித்துப் புத்தகம் எழுதும்போது அவருக்குக் காரணம் தெளிவாகிவிட்டது. கொடுமையெல்லாம் அந்த அதிகாரி செய்தது, தான் செய்யவில்லை என்று காட்டி, மக்களின் வெறுப்பை ஒரே இரவில் கழுவிக்கொள்ள நினைத்தார் செசாரே. மக்களுக்கு ஒரே நேரத்தில் திருப்தியும் திகைப்பும் உண்டானது என்று எழுதுகிறார். இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. செசாரேயைப் போல் அஞ்சப்பட்ட ஆள் அன்றைய இத்தாலியில் இன்னொருவர் இல்லை. அவரே கூடப் பயம் போதும் என்று இருந்துவிடவில்லை. பயத்தோடு வெறுப்பும் சேர்ந்துவிட்டது என்று தெரிந்ததும் சொந்த ஆளையே வெட்டிப்போட்டார். இந்தச் சதுக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு படித்தால்தான் 17-ஆம் அத்தியாயம் புரியும் என்பது என் எண்ணம்.

அந்தப் புத்தகம் பிறந்த கதையையும் சொல்ல வேண்டும். 1512-இல் ஸ்பானியப் படை பக்கத்து ஊரான பிராட்டோவைச் சூறையாடியது. மாக்கியவெல்லி பாடுபட்டுத் திரட்டிய உள்ளூர்ப் படை அங்கே சிதறி ஓடியது. குடியரசு கவிழ்ந்தது. மெடிசி குடும்பம் திரும்பி வந்தது. நவம்பரில் இவருக்கு வேலை போயிற்று. 1513 பிப்ரவரியில் மெடிசிகளுக்கு எதிரான ஒரு சதி வெளிப்பட்டது. அதில் ஈடுபட்டவரிடம் கிடைத்த ஒரு தாளில் ஏறக்குறைய 20 பெயர்கள். அவற்றில் இவர் பெயரும் ஒன்று. சதியில் பங்கு இருந்ததற்கு ஆதாரம் ஏதும் இல்லை. ஆனாலும் பிடித்து உள்ளே போட்டார்கள்.

இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, அந்தக் கயிற்றாலேயே ஆளை உயரே தூக்கி, திடீரென்று விட்டு, கால் தரையைத் தொடுவதற்குள் வெடுக்கென்று நிறுத்துவார்கள். தோள்மூட்டு கழன்றுபோகும். அன்றைய விசாரணை முறை இதுதான். இவரை ஆறு முறை அப்படித் தூக்கினார்கள். சிறையிலிருந்து எழுதிய ஒரு கவிதையில் அந்த எண்ணிக்கையைக் கசப்பான வேடிக்கையாக அவரே குறிப்பிட்டிருக்கிறார். அவர் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. சதிகாரர்கள் இருவரின் தலை போயிற்று. மார்ச் மாதம் மெடிசி குடும்பத்தைச் சேர்ந்தவர் பத்தாம் லியோ என்ற பெயரில் போப் ஆனார். அந்த மகிழ்ச்சியில் கைதிகளுக்குப் பொது மன்னிப்பு கிடைத்தது. இவரும் வெளியே வந்தார்.

நகரத்துக்கு வெளியே இருந்த சிறு பண்ணை வீட்டுக்குக் குடும்பத்தோடு போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து 1513 டிசம்பர் 10-ஆம் தேதி நண்பர் வெத்தோரிக்கு எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. பகலில் கண்ணி வைத்துக் குருவி பிடிப்பது, விறகு வெட்டுகிறவர்களோடு மல்லுக்கட்டுவது, சத்திரத்தில் கசாப்புக்காரரோடும் மாவு அரைப்பவரோடும் சீட்டாடிக் காலணாவுக்குச் சண்டை போடுவது. மாலையானால் சேறு படிந்த உடையைக் கழற்றிவிட்டு, அரண்மனைக்குப் போகிற உடையை உடுத்திக்கொண்டு பழைய ரோமானிய நூல்களோடு நான்கு மணி நேரம். அப்படி எழுதப்பட்டதுதான் 'இளவரசன்'. 26 அத்தியாயங்கள் கொண்ட சிறிய புத்தகம். அதைத் தம்மைத் தூக்கித் தொங்கவிட்ட அதே மெடிசி குடும்பத்துக்கே காணிக்கையாக்கினார். மறுபடி வேலை கிடைக்காதா என்ற ஆசைதான். அச்சம் என்றால் என்ன என்று தோள்மூட்டில் தெரிந்துகொண்ட ஆள், அந்த வலி ஆறுவதற்குள் எழுதியது அந்த அத்தியாயம். ஸ்டேட்டஸ் வைக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

சரி, அத்தியாயத்துக்கு வருவோம்.

அரசன் நேசிக்கப்படுவது நல்லதா, அஞ்சப்படுவது நல்லதா என்று கேள்வியைப் போடுகிறார். அவருடைய முதல் பதில், இரண்டும் வேண்டும் என்பது. இந்த முதல் பதிலைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் ஒன்றாகச் சேர்ப்பது கடினம், ஆகவே ஒன்றை இழந்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், அஞ்சப்படுவது அதிகப் பாதுகாப்பானது என்கிறார். இத்தாலிய மூலத்தில் கேள்வியில் இருக்கும் சொல் 'நல்லது' என்பதைக் குறிப்பது. பதிலில் வரும் சொல்லோ 'பாதுகாப்பானது' என்பதைக் குறிப்பது. நல்லது எது என்று கேட்டுவிட்டு, பத்திரமானது எது என்று பதில் சொல்கிறார். கெட்டிக்கார மாணவன் பரீட்சையில் செய்கிற வேலை! ஆங்கில வாசகம் இந்த இரண்டு சொல்லையும் ஒன்றாக்கிவிட்டது. கூடவே 'ஒன்றை இழந்தே ஆக வேண்டும் என்றால்' என்ற நிபந்தனையையும் வெட்டிவிட்டது.

காரணமும் சொல்கிறார். மனிதர்கள் நன்றி கெட்டவர்கள், நிலையில்லாதவர்கள், ஆபத்து தூரத்தில் இருக்கும்வரை உயிரையும் தருவதாகச் சொல்வார்கள், கிட்டே வந்தால் திரும்பிக்கொள்வார்கள். அன்பு என்ற கட்டு அவர்கள் கையில் இருக்கிறது, வேண்டாம் என்றால் அவிழ்த்துவிடுவார்கள். தண்டனை பற்றிய அச்சம் அப்படி அவிழாது. மனிதனைப் பற்றிய இந்த மதிப்பீடு எனக்கு ஒப்புதல் இல்லை. ஆனால் நேற்றுவரை வீட்டுக்கு வந்து போன நண்பர்களெல்லாம் வேலை போனதும் தெருவைக் கடந்து மறுபக்கம் போவதைப் பார்த்தவர் வேறு எப்படி எழுதுவார்?

அடுத்த பத்தியிலேயே, அச்சத்தை உண்டாக்கும்போது அன்பைப் பெறாவிட்டாலும் வெறுப்பைத் தவிர்க்க வேண்டும் என்கிறார். அஞ்சப்படுவதும் வெறுக்கப்படாமல் இருப்பதும் சேர்ந்தே நடக்கக்கூடியவை. அதற்கு வழி, குடிமக்களின் சொத்திலும் அவர்கள் வீட்டுப் பெண்களிடத்திலும் கை வைக்காதிருப்பது. யாரையாவது கொல்ல நேர்ந்தால் எல்லோருக்கும் தெரிகிற தக்க காரணம் இருக்க வேண்டும். அரசன் எதையும் உடனே நம்பிவிடக் கூடாது, நிதானமும் மனிதத்தன்மையும் வேண்டும் என்றும் அதே அத்தியாயத்தில் இருக்கிறது. தகப்பன் செத்ததைக்கூட மனிதர்கள் மறந்துவிடுவார்கள், தகப்பன் விட்டுப்போன சொத்து பறிபோனதை மறக்க மாட்டார்கள் என்ற கருத்தும் இங்கேதான் வருகிறது. குரூரமான நகைச்சுவை. ஆனால் எந்தக் கிராமத்து வரப்புத் தகராறை எடுத்துப் பார்த்தாலும் பொய் என்று சொல்ல முடியவில்லை.

வெறுப்பு என்ற இந்த விஷயம் அவரை விடவே இல்லை. 19-ஆம் அத்தியாயம் முழுக்க அதுதான், அதுவே புத்தகத்தில் மிக நீளமான அத்தியாயங்களில் ஒன்று. 20-இல், கோட்டை கட்டுவது நல்லதா என்ற கேள்வி வருகிறது. மக்கள் வெறுக்காமல் இருப்பதைவிடச் சிறந்த கோட்டை இல்லை என்று முடிக்கிறார்.

இன்னொன்றும் பாருங்கள். அச்சத்துக்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டுகள் யாரைப் பற்றியவை? ஒன்று பிஸ்தோயா நகரம். புளோரன்ஸின் ஆட்சிக்கு உட்பட்ட அந்த ஊரில் இரண்டு பெரிய குடும்பக் கட்சிகள் வெட்டிக்கொண்டன. கொடியவர்கள் என்ற பெயர் வந்துவிடுமோ என்று புளோரன்ஸ் தயங்கியது. ஊரே அழிந்தது. இன்னொன்று ஹன்னிபல். பல இனத்தாரைச் சேர்த்துக்கொண்டு அந்நிய மண்ணில் ஆண்டுக்கணக்கில் போரிட்டவர். அவர் படையில் கலகம் ஏற்படவில்லை, காரணம் கடுமை என்கிறார். மூன்றாவது ரோமானியத் தளபதி சிப்பியோ. நல்ல மனிதர், இளகியவர். அதனால் ஸ்பெயினில் அவர் படையே அவருக்கு எதிராகக் கிளம்பியது. லோக்ரி என்ற ஊரை அவருக்குக் கீழிருந்த அதிகாரி சூறையாடினார். அந்த அதிகாரியை சிப்பியோ தண்டிக்கவில்லை, ஊராருக்கு நீதி கிடைக்கவில்லை.

ஆயுதம் வைத்திருந்த படைவீரர்கள், அடியாள் வைத்திருந்த பெரிய குடும்பங்கள், அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய அதிகாரி. அத்தியாயத்தின் எடுத்துக்காட்டுகளில் அச்சம் வேண்டும் என்று அவர் கேட்பது பெரும்பாலும் இவர்களுக்குத்தான். இவர்களிடம் இரக்கம் காட்டினால் அடிபடுவது சாதாரண ஜனம் என்பது அவர் வாதம். நாம் அந்த வாசகத்தை யாரிடம் பயன்படுத்துகிறோம்? மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடமும், அலுவலகத்தில் நேற்று சேர்ந்த பையனிடமும், வீட்டில் மருமகளிடமும். லோக்ரி ஊராரை விட்டுவிட்டு அதிகாரியின் பக்கம் போய் நின்றுகொள்கிறோம்.

பயத்தின் இன்னொரு கேட்டைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார், 23-ஆம் அத்தியாயத்தில். அரசனைச் சுற்றி முகத்துதி செய்பவர்கள் கூடிவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் கோபப்பட மாட்டான் என்று தெரிந்தால்தான் உண்மை வரும். ஆகவே அறிவுள்ள சிலரைத் தேர்ந்தெடுத்து, கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்லும் உரிமையை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறார். நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் தலைமையாசிரியர் வராந்தாவில் நடந்தால் காக்கைகூடக் கத்தாது. மாடி வகுப்பின் கூரையில் விரிசல் விட்டு மழைக்கு ஒழுகுவது எங்கள் எல்லோருக்கும் தெரியும். "நான் இருக்கிற பள்ளியில குறையா?" என்று அவர் கேட்பார் என்பதும் தெரியும். இரண்டு பருவமழை போயிற்று. ஒருநாள் காரை பெயர்ந்து பெஞ்சின்மேல் விழுந்தது. நல்லவேளை, அது மதிய உணவு நேரம். வகுப்பில் பிள்ளைகள் யாரும் இல்லை. அந்த மனிதர் கெட்டவர் இல்லை, ஒரு பைசா தப்பாக எடுத்தவர் இல்லை. அவருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

நம் வள்ளுவர் இதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். 57-ஆவது, வெருவந்த செய்யாமை. குடிகள் நடுங்கும்படியான செயலைச் செய்யாதிருத்தல். அதற்கு அடுத்த அதிகாரம் கண்ணோட்டம், அதாவது இரக்கம். வள்ளுவரும் தண்டனையே வேண்டாம் என்று சொல்பவர் அல்ல. மாக்கியவெல்லியும் அவரும் ஒன்று என்று சொல்ல வரவில்லை. ஒருவர் அரசன் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறார். மற்றவர் அரசன் எப்படி நிலைத்திருப்பான் என்று சொல்கிறார். ஆனால் குடிமக்களின் வெறுப்பு அரசனை வீழ்த்தும் என்ற இடத்தில் இருவரும் சந்தித்துக்கொள்கிறார்கள். (இன்னொரு வேடிக்கை: 2009-ஆம் ஆண்டின் இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தில் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்யும் பிரிவின் எண்ணும் 17தான்.)

செசாரே போர்ஜியா என்ன ஆனார் என்று கேட்பீர்கள். செசேனா கொலை நடந்த ஐந்தாம் நாள், தனக்கு எதிராகக் கிளம்பிய தளபதிகளைச் சமாதானம் பேச சினிகாலியாவுக்கு வரவழைத்துப் பிடித்தார். இருவரை அன்றிரவே கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். இத்தாலியே நடுங்கியது. எட்டு மாதம்தான். 1503 ஆகஸ்டில் அப்பா போப் இறந்தார். அதே நேரத்தில் செசாரேயும் படுத்த படுக்கை. அடுத்து வந்த போப் ஒரு மாதம்கூட இருக்கவில்லை. அதற்கடுத்த தேர்தலில் இரண்டாம் ஜூலியஸ் வருவதற்கு செசாரே ஆதரவு தந்தார். அந்த ஜூலியஸ், செசாரேயின் அப்பா காலத்தில் பத்தாண்டுகள் ரோமை விட்டு விலகி வாழ நேர்ந்தவர். இப்போது செய்த உதவிக்காகப் பழைய காயத்தை அவர் மறந்துவிடுவார் என்று செசாரே நம்பினார். அவர் மறக்கவில்லை. பதவி, கோட்டைகள், நிலம் எல்லாம் போய், ஸ்பெயினில் கைதியாகி, தப்பி, 1507-இல் நவார் நாட்டில் ஒரு சிறு சண்டையில் 31 வயதில் செத்தார் செசாரே. அந்த நம்பிக்கைதான் அவர் செய்த தவறு என்று மாக்கியவெல்லி ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

மாக்கியவெல்லிக்குக் கேட்ட வேலை கிடைக்கவில்லை. பிற்பாடு புளோரன்ஸின் வரலாற்றை எழுதும் பணியை மெடிசிகள் கொடுத்தார்கள். 1527-இல் மெடிசிகள் மறுபடி துரத்தப்பட்டுக் குடியரசு திரும்பியது. பழைய பதவி கிடைக்குமா என்று பார்த்தார். மெடிசியின் ஆள் என்று அவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். அந்த ஜூன் மாதமே, 58 வயதில் இறந்துபோனார். 'இளவரசன்' அச்சானது அதன் பிறகு, 1532-இல், ரோமில், மெடிசி குடும்பத்து போப் ஏழாம் கிளெமென்டின் அனுமதியோடு. 1559-இல் இன்னொரு போப் அவர் எழுதிய எல்லாவற்றையும் தடை செய்தார். ஆங்கிலத்தில் புத்தகம் அச்சேறுவதற்கு முன்பே அவர் பெயர் அங்கே வில்லனாகிவிட்டது. கிறிஸ்டோபர் மார்லோ 1590-ஐ ஒட்டி எழுதிய ஒரு நாடகத்தில் மாக்கியவெல்லியின் ஆவியே மேடைக்கு வந்து முன்னுரை பேசும். அச்சிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு வந்தது 1640-இல். முதலில் வந்தது கெட்ட பெயர், பிறகுதான் புத்தகம்.

புத்தகம் கையில் இருப்பவர்கள் 17-ஆம் அத்தியாயத்தோடு மூடிவிடாமல் 19, 20, 23 வரை போய்ப் பாருங்கள். எல்லாம் சேர்த்து நூறு பக்கம் அளவுதான். படித்தவர்கள் வேறு மாதிரி புரிந்துகொண்டிருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.